சாம்பிள் என்று எழுதிய பார்சல்கள்

கண்ணு,

வியாழக்கிழமை உனக்கு விமானம். ஜோர்டானுக்குப் போகிறாய். பெட்டி வாங்கியாகிவிட்டது. உன் அம்மா பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்துவிட்டாள். கோவை விமான நிலையத்துக்கு வண்டியும் சொல்லியாயிற்று. உனக்குப் போக விருப்பமா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகன், ஒரே வீட்டில் இருக்கிறான், கூப்பிட்டுக் கேட்டால் தீர்ந்தது என்று யாரும் சொல்வார்கள். கேட்டேன். நீயும் பதில் சொன்னாய். அந்தப் பதிலை நம்ப முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் எழுதிய கை இது. பிள்ளைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

கடை எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் பக்கத்தில் இருந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். பாப்பா பிறந்த புதிதில் தலை வழியாகச் சட்டை மாட்டினால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். சுகந்திதான் பனியன் துணியை வெட்டி, முன்பக்கம் குறுக்கே மடித்து நாடா கட்டுகிற மாதிரி ஒரு சட்டை தைத்தாள். மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் கை அப்படி. அதைப் பாப்பாவுக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்ப, ஜெர்மனியில் இருக்கும் அவள் தோழி கேட்க, தோழியின் பக்கத்து வீட்டுக்காரி கேட்க, நீ பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இணையத்தில் கடை போட்டாய். பெருமாநல்லூரில் ஒரு சின்ன யூனிட்டில் தைக்கக் கொடுத்தாய். நல்லூரில் நம் வீட்டு முன் அறை பேக்கிங் செக்‌ஷன் ஆயிற்று. நான் ஓய்வு பெற்று, காலையில் செய்தித்தாளை ஒரு எழுத்து விடாமல் படித்து, மத்தியானம் யார் மேலாவது எரிந்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. "அப்பா, பேப்பர் வேலையெல்லாம் நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டாய். மறுநாளே நான் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிக்கொண்டு முன் அறையில் வந்து உட்கார்ந்தேன். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புக்கூடப் பிடித்திருந்தது.

என் தலைக்கனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் கையெழுத்து இல்லாமல் நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்து ஒரு அட்டைப்பெட்டி தூத்துக்குடிக்குப் போகாது. குண்டடத்தில் இருந்து பஸ் பிடித்து வந்து, சைக்கிளில் வங்கிக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசுக்கும் அலைந்து கற்றுக்கொண்ட தொழில். அந்தத் தொழிலில் எனக்கு ஊறிப்போன பாடம் ஒன்றே ஒன்றுதான். ஏற்றுமதிக்கு வரி கிடையாது. சரக்கு கப்பலில் ஏறிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது. அதற்கப்புறம் அது அவன் கடல், அவன் துறைமுகம், அவன் வரி. அந்தப் பாடம் தப்பில்லை, கண்ணு. கன்டெய்னருக்கு அது சரி. ஒரு கையளவு சட்டையைத் தபாலில் வாங்குகிற பிள்ளைபெற்றவளுக்கு அது பொருந்தாது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை.

முதல் பார்சல் திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறதா? "அப்பா, அந்த ஜெர்மனிக்காரம்மா பார்சல வாங்கலீங்க. கதவத் தட்டி வரி கட்டுங்க, அதுக்கு மேல தபால்காரங்களுக்குச் சேவைக் கட்டணமும் கட்டுங்கன்னாங்களாமா. சட்ட வெலையில பாதி வந்துருச்சாம். வேண்டாம்னு திருப்பி விட்டுட்டாங்க" என்றாய். நான் சிரித்தேன். "ஏங்கண்ணு, எத்தன கன்டெய்னர் ஏத்தியிருக்கறேன், எவனாச்சும் எங்கிட்ட வரி கேட்டிருப்பானா? அவனவன் ஊட்டுக்கு வர்ற சரக்குக்கு அவனவன் கட்டிக்கறான். நமக்கென்ன வந்துச்சு?" என்றேன். நீ அப்போது நின்று விளக்கினாய். அந்தக் காலத்தில் நான் அனுப்பியதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, அவர்களுக்கு இறக்குமதிக்கென்றே ஆள் இருக்கிறது, நாம் அனுப்புவது வீட்டுக்கு என்றாய். "கைக்கொழந்தைய இடுப்புல வெச்சுட்டுக் கதவத் தொறக்கறவங்ககிட்டப் போயி காசு கேட்டா, அவங்க நம்மள ஏமாத்துக்காரன்னுதானுங்க நெனைப்பாங்க."

அப்புறம் நீ பல நாள் உட்கார்ந்து படித்தாய். ஐரோப்பாவுக்கு ஒரு வரிப் பதிவு எண் வாங்கினால், வாங்கும்போதே வரியைச் சேர்த்து வாங்கிக்கொண்டு மாதாமாதம் கட்டிவிடலாம், பார்சல் தடையில்லாமல் வீடு போய்ச் சேரும் என்றாய். ஆனால் அந்த எண்ணுக்கு அங்கேயே இருக்கிற ஒரு பிரதிநிதி நமக்காகப் பொறுப்பேற்க வேண்டும், அவருக்கு மாதக் கூலி. இங்கிலாந்துக்குத் தனிப் பதிவு. அங்கே குழந்தைத் துணிக்கு வரி இல்லை, அதே துணியில் தாய்க்கு ஒரு நைட்டி சேர்த்தால் அதற்கு உண்டு. ஜெர்மனியில் குழந்தைக்கும் உண்டு, தாய்க்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இன்ன அளவுக்கு மேல் விற்றால்தான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதற்கு மேல், சின்னப் பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கையும் எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் விலையோடு வரியைச் சேர்த்துக் காட்ட வேண்டும், அமெரிக்காவில் கடைசியில் தனியாகச் சேர்க்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. தலை சுற்றினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். கத்துவேன். "மாசாமாசம் எவனோ ஒருத்தனுக்குத் தண்டம் அழுவறதுக்கா வேலைய உட்ட?" என்று கத்தினேன். நீ மெதுவாக, "அது நம்ம காசு இல்லீங்கப்பா. வாங்கறவங்க வரிய நாம வாங்கி அவங்க கவர்மென்ட்டுக்குக் குடுக்கறோம். நடுவுல நிக்கறோம், அவ்வளவுதானுங்க" என்றாய். இதைவிடச் சுருக்கமாக எந்த ஆடிட்டரும் எனக்குச் சொன்னதில்லை. நான் என்ன சொன்னேன்? "நீ துணியப் பாரு. பேப்பர நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ "சரிங்கப்பா" என்று உள்ளே போய்விட்டாய்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். திருப்பூரில் எந்த ஏற்றுமதி ஆபீசில் வேண்டுமானாலும் போய்க் கேள், கூரியரில் போகிற கவர் அத்தனையிலும் ஒரு வாசகம் இருக்கும். சாம்பிள், வியாபார மதிப்பு இல்லை. அளவு பார்க்க ஒன்று, சாயம் பார்க்க ஒன்று, சலவைக்குப் பின் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒன்று என்று வாரத்துக்குப் பத்து கவர் போகும். எல்லாவற்றிலும் அதே வாசகம். அந்த ஊர் சுங்கத்துறை வரி கேட்காமல் விட்டுவிடும். எனக்கு அந்த வாசகம் கந்தசஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம். உன் கூரியர் கம்பெனியின் படிவத்தில் சரக்கு என்ன, விலை என்ன என்று கேட்ட இடத்தில் அதையே போட்டேன். உண்மையான சாம்பிள் என்றால் விற்க முடியாதபடி ஓரத்தில் கத்தரி போட்டிருப்போம், இல்லாவிட்டால் விற்பனைக்கு அல்ல என்று முத்திரை குத்தியிருப்போம். பாப்பா சட்டையில் கத்தரி போட எனக்கு மனசு வருமா? எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன். பார்சல்கள் போய்ச் சேர்ந்தன. யார் கதவையும் தட்டி யாரும் காசு கேட்கவில்லை. ஆர்டர் கூடியது. சாப்பிடும்போது உன் அம்மாவிடம், "உம் பையன் என்னமோ ஊரு ஊருக்கு நம்பர் வாங்கோணும்னான். அனுபவம்னு ஒண்ணு இருக்குதல்ல?" என்று பெருமை அடித்தேன். நீயும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ரசம் ஊற்றிக்கொண்டாய்.

கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் போன சமயம் யாரோ ஒரு அதிகாரி ஒரு பார்சலைப் பிரித்துவிட்டார். மெல்லிய தாளில் சுற்றிய புதுச் சட்டை, யூரோவில் விலை போட்ட அட்டை, கூடவே சுகந்தி தன் கையால் எழுதிய வாழ்த்து அட்டை. எங்களிடம் வாங்கியதற்கு நன்றி என்று. வியாபார மதிப்பு இல்லாத சாம்பிளுக்கு எவள் நன்றி எழுதுவாள்? அதன் பிறகு நம் பெயர் போட்ட பார்சல் ஒவ்வொன்றையும் தேடி எடுத்து நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்களுக்கெல்லாம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. பண்டிகைக்குக் குழந்தைக்குச் சட்டை வாங்கியதற்கு அவர்கள் போய் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு அம்மா உனக்கு எழுதியதை நீ எனக்குப் படித்துக் காட்டவில்லை, நானே திரையில் பார்த்தேன். உங்கள் பொய்யில் என் பெயரை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டிருந்தாள். என் சர்வீசில் ஒரு மெமோ வாங்காதவன் நான். முகம் தெரியாத ஒருத்தி கேட்ட அந்தக் கேள்வியில் கூசிப்போனேன்.

கூரியர் கம்பெனி நம் கணக்கை மூடியது. வாங்குகிறவர்களிடம் இருந்து நமக்குப் பணம் வாங்கித் தருகிற கம்பெனி இருந்த பணத்தை நிறுத்தி வைத்தது. நீ யாரையும் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதி, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தாய். சுகந்தியின் வளையல் அடகுக்குப் போனது அதற்குத்தான். கூரியர் கம்பெனியில் இருந்து ஒருவர் போனில் விசாரித்தார், படிவத்தை நிரப்பியது யார் என்று. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான்தானுங்க சார்" என்றாய். இனி உன் பெயரில் அந்தக் கம்பெனியில் எந்தக் கணக்கும் திறக்க முடியாது. எனக்கு வாய் இல்லாமல் போய்விட்டது, சாமி. எதற்கெடுத்தாலும் குதிக்கிறவன், அந்த ஒரு இடத்தில் ஊமையாகிவிட்டேன். போனை வைத்துவிட்டு, "காப்பி குடிக்கறீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் குடித்தேன்.

அந்த வாரமே நான் இன்னொரு காரியம் செய்தேன். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இப்போது ஜோர்டானில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறார். அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரியை ஏற்றிய பிறகு, வரி குறைவாக இருக்கிற அந்த ஊருக்கு ஆர்டர் போகிறது. ஆர்டர் போன இடத்துக்கு நம் ஊர் ஆட்களும் போகிறார்கள். வரியால் கடையைத் தொலைத்தோம், வரி எங்கே குறைவு என்று பார்த்தே உனக்கு வேலையும் தேட வேண்டி வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் அவருக்கு ஸ்பீக்கரில் வைத்துப் போன் போட்டேன். நீ எதிரிலேயே இருந்தாய். "பையன் சும்மாதானுங்க இருக்கறான், ஒரு ரெண்டு வருசம் அங்க இருந்தா கடன் தீர்ந்துரும்" என்றேன். பாதிப் பேச்சில் உன் பக்கம் திரும்பி, "சரிதானே கண்ணு?" என்றேன். "சரிங்கப்பா" என்றாய். ஒரு நிமிஷம் ஆகவில்லை. பாப்பா அப்போதுதான் நாற்காலியைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். உன் வாழ்க்கையை நான் ஸ்பீக்கரில் போட்டு முடித்துவிட்டேன்.

இத்தனையும் நடந்த பிறகும் நான் ஒரு நினைப்பில் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது, பையனுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தால் தடுத்திருப்பான் என்று. கொடுமையில் ஒரு ஆறுதல். முந்தாநாள் சுகந்தி அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விற்காமல் மிஞ்சிய சட்டைகளை அவள் முன் அறையில் மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று, "ஏம்மா, போறதப் பத்தி அவன் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டேன். அவள் தலையைத் தூக்காமல், "அவரு என்னத்தைங் மாமா சொல்லுவாரு? சாம்பிள்னு நீங்க எழுதறீங்கன்னு மொத வாரமே பாத்துட்டாரு. அப்பவே சொல்லலீங்க. இதுக்கா சொல்லப் போறாரு?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. மறுபடி கேட்டேன். பார்சல் எங்கே போகிறது என்று பார்க்க நீ கூரியர் பக்கத்தைத் திறந்தபோது நான் எழுதியிருந்ததைப் பார்த்தாயாம். சுகந்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொல்லச் சொன்னாளாம். நீ மாட்டேன் என்றாயாம். "அப்பாவுக்கு இந்த வேலையிலதான் மூஞ்சில கொஞ்சம் உசுரு வந்திருக்குது. நான் எப்படிப் போயி தப்புன்னு சொல்றது? போகப் போக நானே மாத்திக்கறேன்" என்றாயாம். போகப் போக என்றால் எப்போது என்று அவள் கேட்டதற்கு, பார்சல் கட்ட எழுந்து போய்விட்டாயாம். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள். இத்தனை நாளில் என் முன்னால் குரல் உயர்த்தாதவள் அவள். "ஒருத்தரு வாயத் தொறக்க மாட்டீங்க, ஒருத்தரு காதத் தொறக்க மாட்டீங்க. நடுவுல நானும் கொழந்தையும் என்னதானுங் பண்றது?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. தெரிந்தே விட்டுவிட்டானே, தடிப்பயல், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடை மிஞ்சியிருக்குமே என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், உனக்கு ஷூ வாங்க டவுனுக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை மாட்டிவிட்டு, "சரியா இருக்குதா?" என்று கேட்டேன். "சரியா இருக்குதுங்கப்பா" என்றாய். உன் அம்மா பல நாள் கழித்து உன் காலைக் கழுவும்போது பார்த்துவிட்டுக் கத்தினாள். விரலெல்லாம் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. ஏண்டா சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, "நீங்கதானுங்க வாங்கிக் குடுத்தீங்க" என்றாய். நான் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும், அப்பன் பேச்சுக்கு மறு பேச்சு கிடையாது என்று. கொப்புளத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நம் ஊர்ப் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வியந்து பேசுவார்கள். எவ்வளவு பணிவு, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'ங்க' என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் நாம் எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று இப்போதுதான் பார்க்கிறேன். என் முதலாளிகூட சில சமயம், சாம்பிள் இல்லாத சரக்கைச் சாம்பிள் என்று எழுதச் சொன்னதுண்டு. எனக்குத் தெரியும். "சரிங்க மொதலாளி" என்பேன். நான் சொன்னது சம்பளத்துக்காக. நீ என்னிடம் சொன்னது பாசத்துக்காக. உன்னுடையது உயர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அதிகாரி பெட்டியைப் பிரிக்கும்போது இரண்டும் ஒன்றுதான், கண்ணு. பெரியவர் மனசு நோகக்கூடாது என்று நீ பார்த்தாய். இப்போது உன் வீட்டில் நோகாத மனசு ஒன்று இருக்கிறதா, சொல்.

நேற்று சாயங்காலம் டிக்கெட் பிரின்ட் எடுக்க நாம் இருவரும் வண்டியில் போனோமே, அப்போது கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டு, சத்தத்துக்கு நடுவில், "உனக்குப் போக இஷ்டந்தானே? இல்லீனா சொல்லீரு, நான் அவருகிட்டப் பேசிக்கறேன்" என்றேன். நீ கியரை மாற்றிக்கொண்டே, "நீங்க பாத்துச் செஞ்சா சரியாத்தானுங்கப்பா இருக்கும்" என்றாய். அந்தப் பேச்சில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்கு அப்படியே வண்டியில் இருந்து இறங்கிவிடலாமா என்று இருந்தது. உன்னை நான் வளர்த்த வளர்ப்பில், நீ வேண்டும் என்று சொல்வதும் வேண்டாம் என்று சொல்வதும் ஒரே மாதிரி கேட்கிறது எனக்கு. பெற்றவனுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

ஊருக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். வேளைக்குச் சாப்பிடு, பணத்தைப் பத்திரமாக வை என்று எழுதலாம். அதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கேட்பது வேறு. நீ யாரிடமும் தலை குனியாமல் பேசக் கற்றுக்கொள். மேனேஜர் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல். அடுத்தவர் மனசு நோகாமல் இருக்க உன் பெயரை அடகு வைக்காதே. எந்தச் சரக்குக்கும் அதன் பெயரையும் விலையையும் உள்ளபடி எழுது. உனக்கு என்ன வேண்டும் என்பதையும் உள்ளபடி சொல். பாப்பா வளர்ந்து எதற்காவது உன்னிடம் எதிர்த்துப் பேசினால் அடக்காதே. அடக்கினால் அவள் நல்ல பெண் என்று பெயர் எடுப்பாள், உன்னிடம் எதையும் சொல்ல மாட்டாள். இதெல்லாம் நான் உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டிய புத்தி. இப்போது சொல்கிறேன், வியாழக்கிழமைக்கு முன்னால். காலம் போன காலத்தில் சொன்னால் என்ன பிரயோசனம் என்று எனக்கே தெரியவில்லை.

நீ போனால் கடன் தீரும், அது நிஜம். கூரியர் பாக்கி இருக்கிறது, யூனிட்டுக்குத் தைப்புக் கூலி இருக்கிறது, வளையலை மீட்க வேண்டும். நீ போகாமல் நின்றால் இன்னும் கொஞ்ச நாள் திண்டாட்டம், அதுவும் நிஜம். நீ விளக்கிய அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகச் செய்து, வரியைச் சேர்த்து வாங்கி, உள்ளபடி எழுதி, சுகந்தி பெயரில் மறுபடி கடை போட முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். முடியும், ஆனால் போன நம்பிக்கை திரும்பி வர நாளாகும், வராமலும் போகலாம் என்றார். இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று நான் நினைப்பதை எழுத மாட்டேன்.

எழுத வேண்டும் என்று கை துடிக்கிறது. நேற்றில் இருந்து இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் போ என்று எழுதினால் நீ போய்விடுவாய். போகாதே என்று எழுதினால் பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, மனசுக்குள் அந்த வேலையை நினைத்து ஏங்கிக்கொண்டே இங்கே உட்கார்ந்திருப்பாய், என்னிடம் காப்பி வேண்டுமா என்று கேட்பாய். நான் எதைச் சொன்னாலும் அது உன் முடிவாக இருக்காது. என் பிள்ளைக்கு நான் என்ன விரும்புகிறேன் என்பதை என் பிள்ளையிடமே சொல்ல முடியாத இடத்தில் வந்து நிற்கிறேன். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை, நானே நடந்து வந்த வழிதான்.

படித்துவிட்டு வா. போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ, உன் வாயால், உன் சொல்லாக ஒன்று சொல். எனக்குக் கோபம் வரும், நான் அப்படித்தான், கத்தினாலும் கத்துவேன். அதற்காக மாற்றிச் சொல்லிவிடாதே, நின்று சொல். சுகந்தியும் கூட இருக்கட்டும். உன் அம்மாவையும் கூப்பிடு. ஒரே ஒரு தடவை என்னை எதிர்த்து நில், கண்ணு, காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். இதை முழுக்கப் படித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "படிச்சனுங்கப்பா, நீங்க சொல்றதும் சரிதானுங்க" என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா